நாயைக் கண்டா ஆகாத நாய்க்குத் தோட்டந்தான் சரின்னு யார் சொன்னது?

ஒண்டிப்புதூர்க்காரி:
நேத்து படிச்ச ஒரு பதில்லேர்ந்து மனசே ஆறலை. நாய்க் காப்பகத்துல ஒரு வருசத்துக்கு மேல கெடக்கற செவலைங்கற நாய்க்கு வீடு தேடறோம்னு போட்டிருந்தேன். அதுக்கு இட்டேரிக்காரன் எழுதினது இது: "மத்த நாயைக் கண்டா ஆகாத நாயை டவுனுக்குள்ள வெச்சு ஏன் வதைக்கறீங்க? தோட்டத்துக்கு அனுப்புங்க. நாலு பக்கமும் கிளுவை முள்ளுச்செடி வேலி. வேத்து நாய் ஒண்ணு உள்ள வராது. ஒரே வாரத்துல சரியாப் போயிரும்." அதுக்குக் கீழ வரிசையா ஆமாங்க, ஆமாங்கன்னு வேற.

செவலை பொட்டை. நாலு வயசு இருக்கும். கருத்தடை ஆயிருச்சு, வெறிநாய்க்கடி ஊசி வருசா வருசம் போடறோம். மனுசங்ககிட்ட அப்படி ஒரு பாசம். கீழ உக்காந்தா வந்து நெத்தியை முழங்கால்ல முட்டி வெச்சுட்டு அப்படியே நிக்கும். இன்னொரு நாய் கண்ணுல பட்டுதுன்னா மட்டும் ஆளே மாறிரும்.

ரெண்டு தடவை தத்துக் குடுத்து ரெண்டு தடவையும் திரும்பி வந்திருச்சு. ரெண்டாவது தடவை போனதே ஒரு தோட்டத்துக்குத்தான். அதுவும் கிளுவை வேலிதான். பதினோராவது நாள் வேலிச் சந்துல பூந்து, ரெண்டு வேலிக்கு நடுவுல போற இட்டேரிக்குப் போயி, பக்கத்துத் தோட்டத்து நாய்கிட்ட மாட்டி, இடது காது ரெண்டாக் கிழிஞ்சு வந்துச்சு. வேலி முள்ளுல செவலை முடி ஒட்டிட்டு இருந்ததை என் கையால எடுத்தேன்.

கிளுவை வேலி ஆட்டை நிறுத்தும். நாயை நிறுத்தாது. இதைப் புரிஞ்சுக்காம வாய்க்கு வந்ததை எழுதாதீங்க.

இட்டேரிக்காரன்:
அம்மிணி, ஒரு தோட்டத்துல வேலி சரியில்லைன்னா ஊர்ல இருக்கற வேலி முச்சூடும் சரியில்லையா? எங்க கொறங்காடு, அதான் ஆடு மாடு மேயற காடு, எங்கப்பச்சி காலத்து வேலி. கிளுவைப் போத்து நெருக்கமா நட்டு, வருசா வருசம் வெட்டிக் கட்டி வெச்சிருக்கறோம். ஆள் உசரத்துக்கு நிக்குது. ஒரு முயல் பூந்ததில்லை. இது காங்கேயம் பக்கம். வேலியைப் பத்தி எங்களுக்கு ஒண்டிப்புதூர்ல இருந்து பாடம் வேண்டியதில்லைங்க.

ஒண்டிப்புதூர்க்காரி:
முயல் பூந்ததில்லைன்னு சொல்றீங்க. அப்புறம் வெள்ளகோவில், காங்கேயம் பக்கமெல்லாம் நாய் பூந்து பூந்து ஆட்டைக் கடிச்சுக் கொன்னது எப்படி? செத்த ஆட்டை ரோட்டுல போட்டு நீங்கதானே இழப்பீடு கேட்டுப் போராட்டம் பண்ணுனீங்க? அந்தக் காட்டுக்கெல்லாம் வேலி இல்லையா? இருந்துச்சு. கிளுவை வேலிதான் இருந்துச்சு.

அப்புறம் என்னை அம்மிணின்னு கூப்பிட வேண்டாம்.

இட்டேரிக்காரன்:
அது பட்டியில நடந்தது. ராத்திரி ஆட்டை அடைக்கற பட்டி வேற, காட்டு வேலி வேற. பட்டிக்கு வலையும் படலுந்தான் இருக்கும். இது கூடத் தெரியாம ஆட்டைப் பத்திப் பேச வந்துட்டீங்க. ராத்திரியோட ராத்திரியா பத்து இருவது ஆட்டைப் பறிகுடுத்தவன் வவுத்தெரிச்சலை உங்க வாதத்துக்கு எடுத்துக்காதீங்க.

அம்மிணிங்கறது எங்கூர்ல மரியாதை. எங்கம்மாவையும் அம்மிணின்னுதான் கூப்பிடுவாங்க. கோயமுத்தூர்ல இருந்துட்டு அது கூடத் தெரியலைன்னா நாஞ் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை.

ஒண்டிப்புதூர்க்காரி:
பட்டிக்கு நாய் வரணும்னா காட்டு வேலியைத் தாண்டித்தானே வரணும்? ஆகாசத்துல இருந்தா குதிச்சுது?

நொய்யல் கரை:
ரெண்டு பேருமே கொஞ்சம் நில்லுங்க. மத்த நாயைப் பாத்தாக் கொரைக்கற நாய் வேற, கடிக்கணும்னே பாயற நாய் வேற. பயத்துல கொரைக்கறது ஒண்ணு, கிட்டப் போக முடியலையேங்கற ஆத்திரத்துல கொரைக்கறது இன்னொண்ணு. கயித்துல இருக்கறப்ப மட்டும் எகிறிட்டு, அவுத்து விட்டா வாலாட்டற நாயும் உண்டு. செவலை இதுல எந்த ரகம்? அது தெரியாம வேலியைப் பத்திப் பேசி என்ன ஆகப் போகுது?

பொள்ளாச்சி தோப்பு:
ரகமெல்லாம் இருக்கட்டும். எங்க தென்னந்தோப்புல ஒரு நாய் இருந்துச்சு. ஊர் நாய் அத்தனையோடயும் சண்டை போடும். தோப்புக்கு வந்த ஒரு மாசத்துல பசுவாட்டம் ஆயிருச்சு. ஓட எடம் இருந்தா நாய்க்குக் கோவம் தணியும். இது எங்க தாத்தனுக்கே தெரியும். அடுக்குமாடிக்காரங்களுக்குத்தான் தெரியலை.

ஒண்டிப்புதூர்க்காரி:
பொள்ளாச்சி அண்ணா, உங்க தோப்புல அந்த நாயை அவுத்து விட்டிருந்தீங்களா, சங்கிலில கட்டியிருந்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க.

பொள்ளாச்சி தோப்பு:
பகல்ல கட்டுவோம். ராத்திரி அவுத்து விடுவோம். எல்லாரும் அப்படித்தானே?

ஒண்டிப்புதூர்க்காரி:
இதைத்தான் நான் மாசக்கணக்காக் கத்தறேன். தோட்டம்னு சொல்லி வாங்கிட்டுப் போறாங்க. பகல் முச்சூடும் தோட்டத்து வீட்டுச் சாளைக்கு முன்னாடி வேப்பமரத்துல கட்டு. ரோட்டுல போற நாயெல்லாம் அதும் கண்ணு முன்னாடியே போகும். கிட்டயும் போக முடியாது, ஒதுங்கியும் போக முடியாது. அப்படிக் கட்டி வெச்ச நாய்க்கு இன்னொரு நாய் மேல இருக்கற ஆத்திரம் ஏறுமே ஒழிய எறங்காது. ராத்திரி அவுத்து விட்டா நேரா வேலிச் சந்துதான். பசுவாட்டம் ஆயிருச்சுன்னு நீங்க சொல்றது பகல்ல பாத்தது. ராத்திரி எங்க போச்சு, யாரைக் கடிச்சுதுன்னு யார் கண்டது?

நான் செவலையை வெடிகாலம் அஞ்சு மணிக்குக் கூட்டிட்டுப் போறேன். நாய் நடமாட்டம் அப்பத்தான் கொறைச்சல். கையில கருவாடு. நாப்பது அடி தூரத்துல ஒரு நாய் நின்னா, பாக்கும், காதை நிமுத்தும், அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்துக் கருவாட்டை வாங்கித் திங்கும். இருவது அடியில அதே கருவாட்டை வாயில வாங்கிக் கீழ துப்பிருச்சு. ஒடம்பு கல்லு மாதிரி விறைச்சு நின்னுது. அப்ப அதுக்கு வேண்டியது நாப்பது அடி. நாலு ஏக்கரா இல்லை. அந்த நாப்பது அடியைத் தெனமும் காப்பாத்திக் குடுக்கற ஆள் வேணும். மூணு மாசத்துல அது முப்பது அடியா ஆச்சுன்னாலே பெரிய காரியம். ஒரு வாரத்துல சரியாப் போயிருங்கறவங்க கையில நான் நாயைக் குடுக்க மாட்டேன்.

இட்டேரிக்காரன்:
குடுக்க மாட்டீங்கன்னு தெரியும். போன வருசம் எனக்கே குடுக்கலையே. ரெண்டு பஸ் மாறி வந்தேன். பாரம் பூர்த்தி பண்ணுனேன். நாலு பக்கம் கேள்வி. கடைசில "விவசாயம் பண்றவங்க நாயைக் கட்டித்தான் போடுவாங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லி அனுப்புனாங்க. அங்க வெள்ளைச் சட்டை போட்டுட்டு கார்ல வந்தவங்களுக்கு அரை மணி நேரத்துல நாய் கெடச்சுது. நாலு தலைமுறையாப் பட்டி நாய் வளத்த குடும்பம் எங்களுது. எங்க பட்டி நாய்க்கு மொதல் உருண்டை போட்டுட்டுத்தான் எங்கம்மா சோறு உங்கும்.

ஒண்டிப்புதூர்க்காரி:
அப்படிச் சொன்னது நான் இல்லை. சொல்லியிருந்தா அது தப்பு. ஆனா உங்க வீட்டுல ஏற்கெனவே பட்டி நாய் இருக்குதுன்னு இப்பத்தான் நீங்களே எழுதறீங்க! மத்த நாயைக் கண்டா ஆகாத நாயை, நாய் இருக்கற வீட்டுக்கே கேக்கறீங்களா?

இட்டேரிக்காரன்:
பட்டி நாய் காட்டுல ஆட்டோட இருக்கும். இது சாளைல இருக்கும். நடுவுல வேலி இருக்குதுங்க.

ஒண்டிப்புதூர்க்காரி:
மறுபடியும் வேலி!

பனியன் கம்பெனி:
வணக்கம்ங்க. நான் திருப்பூர்ல தனியா இருக்கேன். ரெண்டாவது மாடி. வீட்டுல வேற நாய் இல்லை. ரெண்டாவது ஷிப்ட்டு வேலைங்கறதால காலைல சும்மாத்தான் இருப்பேன். செவலை படத்தைப் பாத்ததுல இருந்து அதே நெனப்பு. கீழ் வீட்டுல ஒரு சின்ன நாய் இருக்குது, படிக்கட்டு ஒண்ணுதான். என்னை மாதிரி ஆளுக்குக் குடுப்பீங்களா?

ஈரோடு மஞ்சள்:
மாடி வீட்டுக்கு இந்த மாதிரி நாயா? பக்கத்து வீட்டுக் கொழந்தையைக் கடிச்சா யார் பொறுப்பு? 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, ஆக்ரோசமான நாயை வெளிய விடக்கூடாதுன்னு. காப்பகத்துலயே இருக்கட்டும்.

ஒண்டிப்புதூர்க்காரி:
முழுசாப் படிச்சுட்டு வாங்க. ஆகஸ்ட் 11-ல டெல்லித் தெரு நாய்களைப் புடிச்சு அடைக்கச் சொன்னாங்க. 22-ஆம் தேதி அதை மாத்தி, கருத்தடையும் ஊசியும் போட்டு அதே எடத்துல விடுங்க, வெறி புடிச்சதையும் ஆக்ரோசமானதையும் மட்டும் விட வேண்டாம்னாங்க. அது தெரு நாய்க்கு. செவலையை நான் தெருவுலயா விடப் போறேன்? வீடு தேடறேன். செவலை இதுவரைக்கும் ஒரு மனுசன் மேல பல்லு பட வெச்சதில்லை.

ஈரோடு மஞ்சள்:
எல்லா நாய்க்காரங்களும் இதையேதான் சொல்றாங்க. எங்க பெரியம்மா பையன் கடி வாங்கி நாலு ஊசி போட்டுட்டு வந்தான். அந்த நாயையும் தங்கம்னுதான் சொன்னாங்க. வெறி புடிச்ச மசை நாய்க்கு மூஞ்சில எழுதியா ஒட்டியிருக்கு?

பொள்ளாச்சி தோப்பு:
ஊசி போட்ட நாயை மசை நாய்ங்கறீங்களே, இதென்ன நியாயம்?

ஈரோடு மஞ்சள்:
சங்கிலில கட்டறவர் நியாயம் பேச வந்துட்டார்.

நொய்யல் கரை:
நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை. பயமா, ஆத்திரமா? கம்பிக் கூண்டுக்குள்ள அடைச்ச நாய் எதுத்த கூண்டு நாயைப் பாத்து நாள் முச்சூடும் கொரைச்சிட்டுத்தான் இருக்கும். கூண்டுல பாத்ததை வெச்சு வீட்டுல எப்படி இருக்கும்னு முடிவு பண்ண முடியாது. பத்து நாள் யாராவது வீட்டுல தற்காலிகமா வெச்சுப் பாத்தீங்களா?

ஒண்டிப்புதூர்க்காரி:
பதினோரு நாள் வெச்சுப் பாத்தாச்சுங்க. கிளுவை வேலித் தோட்டத்துல. காது கிழிஞ்சு வந்துச்சு. அதைத்தானே மொதல்ல இருந்து சொல்லிட்டிருக்கேன்.

பனியன் கம்பெனிக்கு: உங்க மனசுக்கு நன்றிங்க. ஒத்தைப் படிக்கட்டுதான் யோசனையா இருக்குது. திருப்பத்துல கீழ் வீட்டு நாய் எதிர வந்தா நாலு அடி கூட இருக்காது, ஒதுங்க எடமும் இல்லை. கீழ் வீட்டுக்காரங்ககிட்டப் பேசி, அவங்க எத்தனை மணிக்கு எறங்கறாங்க, நீங்க எத்தனை மணிக்குன்னு ஒரு ஏற்பாடு வெச்சுக்க முடியும்னா பேசலாம். வாய்க்கூடு பழக்கணும். துணியில வாயை இறுக்கிக் கட்டறது இல்லை, கூடை மாதிரி இருக்கறது. அதுல வாயைத் தொறந்து மூச்சு வாங்கலாம், தண்ணி குடிக்கலாம். மாட்டுன உடனே கூட்டிட்டுப் போகக் கூடாது. கூடைக்குள்ள கருவாடு வெச்சு, அதுவே மூக்கை விட்டு எடுக்கற வரைக்கும் பொறுக்கணும். ரெண்டு வாரமோ மூணு வாரமோ ஆகும்.

இட்டேரிக்காரன்:
ரெண்டாவது மாடில அடைச்சு, வாயில கூடையை மாட்டறதுக்கு இத்தனை வெளக்கம். மண்ணுல கால் வெக்காம ஒரு நாய் இருக்கறது உங்களுக்கு நல்ல வீடு. காத்தோட்டமா நாலு ஏக்கரா, வெள்வேல நெழலு, கொழுக்கட்டைப் புல்லு, அது மட்டும் ஆகாது. ஏன்னா வேலி கிளுவை.

ஒண்டிப்புதூர்க்காரி:
ஏன்னா வேலியில சந்து. உங்க கிளுவை மழைக்குத் தழைஞ்சு நிக்கறப்ப சொவரு மாதிரித்தான் தெரியும். வேசகாலத்து வெயில்ல எலை உதிந்ததுக்கப்புறம் குனிஞ்சு பாத்திருக்கீங்களா? மேல அடர்ந்திருக்கும், அடியில வெறுங் குச்சிதான். ஆடு தலை ஒசரத்துல முள்ளைப் பாத்துத் திரும்பிரும். நாய் வயித்தைத் தரையில தேச்சுட்டுப் போகும். நான் முடி எடுத்த எடம் தரையில இருந்து ஒரு சாண் உசரம். ஒரு சாண்!

இட்டேரிக்காரன்:
அது அவன் வேலி. நாங்க அடியில முள்ளு வெட்டி அடைப்பு வெக்கறோம்.

ஒண்டிப்புதூர்க்காரி:
இத்தனை நேரம் இதைச் சொல்லவே இல்லையே?

இட்டேரிக்காரன்:
வேலின்னா அடைப்பும் சேர்ந்ததுதான். வேலி கட்டத் தெரிஞ்சவனுக்கு அது தெரியும்.

பொள்ளாச்சி தோப்பு:
அடியில கம்பி வலை ஒரு முழம் பொதைச்சு உட்டா ரெண்டு பேர் பேச்சும் சரிங்க.

இட்டேரிக்காரன்:
எதுக்குங்க கம்பி? எங்கப்பச்சி கட்டுன வேலிக்கு வலை போட்டா ஊர்ல என்ன பேசுவாங்க? முயல் பூந்ததில்லைன்னு சொல்றேன்.

பனியன் கம்பெனி:
கீழ் வீட்டு அக்காகிட்டப் பேசிட்டேங்க. அவங்க ஆறரைக்கு மேலதான் எறங்குவாங்களாம். நான் அஞ்சு மணிக்குப் போயிட்டு ஆறுக்குள்ள வந்துருவேன். ஞாயித்துக்கெழமை வந்து செவலையைப் பாக்கலாங்களா?

ஈரோடு மஞ்சள்:
ஆறரைக்குன்னு இன்னைக்குச் சொல்வாங்க. நாளைக்கு ஒரம்பரை, சொந்தக்காரங்க வந்தா அஞ்சரைக்கே எறங்குவாங்க. அப்ப?

ஒண்டிப்புதூர்க்காரி:
வாங்க தம்பி. பத்து மணிக்கு மேல வேண்டாம், மத்த கூண்டுக்குச் சோறு போடற நேரம், தட்டுச் சத்தத்துலயே அது கலங்கிரும். ஏழு மணிக்கு வாங்க. ஒரு தடவை பாத்துட்டு அன்னைக்கே கூட்டிட்டுப் போற கதை இல்லை. நாலு ஞாயித்துக்கெழமையாவது வரணும்.

இட்டேரிக்காரனுக்கு: நீங்களும் வாங்க. வர்றப்ப உங்க வேலியைத் தரையோட படம் எடுத்துட்டு வாங்க. நின்னுட்டு எடுத்த படம் வேண்டாம்.

இட்டேரிக்காரன்:
படம் எதுக்குங்க அம்மிணி? நேர்ல வந்து குனிஞ்சு பாருங்க. ரெண்டு பஸ் மாறி நான் ஒரு தடவை வந்தாச்சு. இந்தத் தடவை நீங்க வாங்க.

ஒண்டிப்புதூர்க்காரி:
வர்றேன். சித்திரைல வர்றேன். எலை உதிரட்டும்.

இட்டேரிக்காரன்:
சித்திரைக்கு அடைப்பைப் புதுசாக் கட்டிருவோம். அப்பவும் முயல் பூராது.

நொய்யல் கரை:
பயமா, ஆத்திரமா?