சர்வர்ல ஓடுற கிராஃப் லேப்டாப்புல வரலை – ‘பெரிய வீடு’ குழு

[இரவு 7:42] இனியன்: அக்கா, அண்ணா, யாராவது ஃப்ரீயா? காலேஜ் லேப் சர்வர்ல பைத்தான் ஓட்டுறேன். கணக்கெல்லாம் சரியா முடியுது. கிராஃப் விண்டோ மட்டும் என் லேப்டாப்புல வரமாட்டேங்குது. என்கிட்ட விண்டோஸ் 11, புட்டிங்கிற ரிமோட் லாகின் ஆப் வழியா போறேன். சர்வர் உபுண்டு.

[இரவு 7:44] அக்கா: எர்ரர்ல கடைசி வரியை அப்படியே அனுப்புடா. வரலைன்னு மட்டும் சொன்னா அதுக்குப் பத்து காரணம் இருக்கும்.

[இரவு 7:45] இனியன்: “குடன்ட் கனெக்ட் டு டிஸ்ப்ளே”, அதுக்கப்புறம் கோலன் 0.0

[இரவு 7:48] அக்கா: அந்தக் கோலன் 0.0லயே பாதி விஷயம் இருக்கு. பைத்தான் விண்டோ திறக்கப் பயன்படுத்துற டிகே லைப்ரரி ரெண்டு விதமா எர்ரர் சொல்லும். எந்த ஸ்கிரீன்ல வரையணும்னு விலாசம் சொல்ற டிஸ்ப்ளே வேரியபிள் காலியா இருந்தா “நோ டிஸ்ப்ளே நேம்”னு ஆரம்பிக்கும். விலாசம் இருந்து, அந்த விலாசத்துல யாரும் கதவைத் திறக்கலைன்னா “குடன்ட் கனெக்ட்”னு வரும். உனக்கு வந்தது ரெண்டாவது.
புட்டி உன்னை சர்வரோட இணைக்கிற எஸ்எஸ்ஹெச் அந்த விலாசத்தைத் தானா வெச்சிருந்தா லோக்கல்ஹோஸ்ட் கோலன் 10.0 மாதிரி இருக்கும். 0.0ன்னா யாரோ கையால எழுதியிருக்காங்க. சர்வர்ல உன் ஹோம்ல லாகின் ஆகும்போது தானா ஓடுற டாட் பேஷ்ஆர்சி ஃபைலைத் திறந்து ‘டிஸ்ப்ளே’ன்னு தேடு.

[இரவு 7:51] இனியன்: இருக்குக்கா. கடைசி வரியில எக்ஸ்போர்ட் டிஸ்ப்ளே, கோலன் 0.0. ஒரு வீடியோவைப் பார்த்துப் போட்டேன்.

[இரவு 7:53] அக்கா: அந்த வரியைத் தூக்கிடு. கோலன் 0.0ன்னா “இந்த மெஷினோட சொந்த ஸ்கிரீன்”னு அர்த்தம். லேப் சர்வர்ல மானிட்டரே மாட்டியிருக்க மாட்டாங்க. எஸ்எஸ்ஹெச் சரியான விலாசத்தை வெச்சாலும், அதுக்கப்புறம்தான் பேஷ்ஆர்சி ஓடும், ஓடி அதை அழிச்சிடும். நிறையப் பேருக்கு இந்த ஒரே வரிதான் கோளாறு.

[இரவு 7:55] சித்தப்பா: இனியா, ஒரு விஷயம் மனசுல வெச்சுக்கோ, மத்ததெல்லாம் அதுலேருந்து தானா புரியும். லினக்ஸ்ல விண்டோ வரையற ஏற்பாட்டுக்குப் பேரு எக்ஸ் விண்டோ. அதுல ‘சர்வர்’ங்கிறது உன் மேஜை மேல இருக்கிற லேப்டாப்தான். ஸ்கிரீன், கீபோர்டு, மவுஸ் யார்கிட்ட இருக்கோ அவங்கதான் எக்ஸ் சர்வர். லேப்ல ஓடுற பைத்தான் வெறும் கிளையன்ட். “எனக்கு ஒரு விண்டோ வரைஞ்சு குடு”ன்னு அது உன் லேப்டாப்பைக் கேட்குது. 1984ல எம்ஐடில ஆரம்பிச்ச ஏற்பாடு இது. இன்னைக்கும் ஓடுற 11-வது பதிப்பு 1987ல வந்தது. கேட்கிறவன் தூரத்துல, வரையறவன் உன் பக்கத்துல. அதனால முதல்ல உன் லேப்டாப்புல வரையறவன் முழிச்சிருக்கானான்னு பாரு.

[இரவு 7:57] இனியன்: லேப்டாப்புல அப்படி எதுவும் போடலை சித்தப்பா 😐 புட்டி மட்டும்தான்.

[இரவு 8:00] அண்ணன்: அப்போ ரெண்டு கோளாறு சேர்ந்திருக்கு. விண்டோஸுக்கான எக்ஸ் சர்வர், விசிஎக்ஸ்சர்வ் இறக்கிப் போடு, இலவசம். அதோட வர்ற எக்ஸ்லான்ச் திறந்தா நாலு பக்கம் வரும்: மல்டிபிள் விண்டோஸ், டிஸ்ப்ளே நம்பர் 0, ஸ்டார்ட் நோ கிளையன்ட். மூணாவது பக்கத்துல “டிசேபிள் ஆக்சஸ் கன்ட்ரோல்”னு ஒரு டிக் இருக்கும், அதைத் தொடாதே. விண்டோஸ் ஃபயர்வால் பெர்மிஷன் கேட்டா கேன்சல் பண்ணிடு.

[இரவு 8:01] இனியன்: அந்த வீடியோல டிக் போடச் சொன்னாங்களே அண்ணா?

[இரவு 8:04] அண்ணன்: அது விண்டோஸ்குள்ளயே லினக்ஸ் ஓட்டுற டபிள்யூஎஸ்எல் 2க்காகச் சொல்றது. அதுல லினக்ஸ் வேற ஐபியிலேருந்து வரும், அதனால கதவையே கழட்டி வைக்கச் சொல்றாங்க. நீ புட்டியோட எஸ்எஸ்ஹெச் சுரங்கம் (டனல்) வழியா வர்றே. கனெக்‌ஷன் உன் லேப்டாப்புக்குள்ளேருந்தே வர்ற மாதிரிதான் விசிஎக்ஸ்சர்வுக்குத் தெரியும். டிக்கும் வேண்டாம், ஃபயர்வால்ல ஓட்டையும் வேண்டாம்.
இப்போ புட்டில: கனெக்‌ஷன், எஸ்எஸ்ஹெச், எக்ஸ்11. “எனேபிள் எக்ஸ்11 ஃபார்வர்டிங்” டிக். கீழ டிஸ்ப்ளே லொகேஷன்ல லோக்கல்ஹோஸ்ட் கோலன் 0.0. அப்புறம் செஷன் பக்கத்துக்குத் திரும்பி வந்து சேவ் அமுக்கு. இல்லைன்னா நாளைக்கு டிக் போயிருக்கும், மறுபடி இங்கயே வந்து நிப்பே.

[இரவு 8:16] இனியன்: எல்லாம் பண்ணிட்டேன். கீழ மூலையில எக்ஸ் ஐகான் வந்திருக்கு. புதுசா லாகின் பண்ணி விலாசத்தைப் பார்க்க எக்கோ டாலர் டிஸ்ப்ளே அடிச்சேன், வெத்து வரி வருது.

[இரவு 8:18] அக்கா: நல்லது, ஒரு படி தாண்டிட்டே. இப்போ கோளாறு அந்தப் பக்கம். புட்டி விண்டோவோட டைட்டில் பார்ல ரைட் கிளிக், ஈவன்ட் லாக். “ரெக்வெஸ்டிங் எக்ஸ்11 ஃபார்வர்டிங்”னு ஒரு வரி இருக்கும். அதுக்கு அடுத்த வரி என்ன?

[இரவு 8:20] இனியன்: “எக்ஸ்11 ஃபார்வர்டிங் ரெஃப்யூஸ்ட்”

[இரவு 8:24] அக்கா: சர்வர் மறுத்திருக்கு. மறுக்க ரெண்டு மூணு காரணம்தான். ஒண்ணு, சர்வர் பக்கம் எஸ்எஸ்ஹெச்சைக் கவனிக்கிற நிரலான எஸ்எஸ்ஹெச்டியோட கான்ஃபிக்ல எக்ஸ்11 ஃபார்வர்டிங் ‘நோ’. உபுண்டு தர்ற ஃபைல்ல ‘எஸ்’னுதான் இருக்கும், ஆனா லேப்ல மாத்தியிருக்கலாம். ரெண்டு, எக்ஸுக்கான சாவியை எழுதி வைக்கிற எக்ஸ்ஆத் நிரல் இல்லாம இருக்கும். டெஸ்க்டாப் இல்லாம சின்னதா இன்ஸ்டால் பண்ண சர்வர்ல இதுதான் அடிக்கடி. கான்ஃபிக் ‘எஸ்’னு சொன்னாலும் எக்ஸ்ஆத் இல்லைன்னா எஸ்எஸ்ஹெச்டி சாவி வைக்க வழியில்லாம மறுத்துடும். கான்ஃபிக்கையே முறைச்சுப் பார்த்துட்டு இருந்தா தெரியாது. ‘விச் எக்ஸ்ஆத்’ அடி.

[இரவு 8:25] இனியன்: ஒண்ணும் வரலை. வெறும் பிராம்ப்ட்.

[இரவு 8:28] அக்கா: அதேதான். லேப் அட்மினுக்கு நான் சொல்ற மாதிரி எழுது: “எக்ஸ்ஆத் பேக்கேஜ் இல்லை, ஆப்ட்ல எக்ஸ்ஆத் போட்டுத் தாங்க. எஸ்எஸ்ஹெச்டி மைனஸ் பெரிய டி ஓட்டி, எக்ஸ்11 வரிகள் என்ன சொல்லுதுன்னும் பாருங்க.” ஃபைல்ல எழுதினதுக்கும் நடப்புல இருக்கிறதுக்கும் வித்தியாசம் இருந்தா அந்தக் கட்டளை காட்டிக் குடுத்துடும். ரெட்ஹாட் வகைன்னா பேக்கேஜ் பேரு எக்ஸ்ஆர்க் எக்ஸ்11 எக்ஸ்ஆத். எக்ஸ்ஆத் மட்டும் போட்டா ரீஸ்டார்ட் தேவையில்லை, நீ புதுசா லாகின் பண்ணாப் போதும். கான்ஃபிக்கைத் தொட்டிருந்தா ரீலோட் வேணும்.

[இரவு 8:29] அம்மா: இனியா தட்டு போட்டாச்சு. தோசை ஆறிடும்.

[இரவு 8:30] அண்ணன்: போய் சாப்பிடு. அதுக்குள்ள மூணாவதையும் எழுதிடுறேன். எக்ஸ்ஆத் இருக்கு, கான்ஃபிக் ‘எஸ்’, இருந்தும் மறுத்தா, சர்வர்ல ஐபிவி6ஐ அணைச்சு வெச்சிருக்காங்களான்னு பார்க்கணும். அப்படி இருந்தா கான்ஃபிக்ல அட்ரஸ் ஃபேமிலி ஐநெட்னு ஒரு வரி சேர்த்தா சரியாயிடும். இதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகும், தெரிஞ்சா அரை நிமிஷம்.

[இரவு 9:21] இனியன்: அட்மின் சார் போட்டுக் குடுத்துட்டார். இப்போ லோக்கல்ஹோஸ்ட் கோலன் 10.0 வருது!! எக்ஸ்க்ளாக் அடிச்சா கடிகாரம் என் லேப்டாப்புலயே வந்துடுச்சு 🎉

[இரவு 9:23] சித்தப்பா: அருமை. அந்த 10 எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கோ. எக்ஸுக்கான போர்ட் நம்பர் 6000லேருந்து ஆரம்பம். டிஸ்ப்ளே 0ன்னா 6000, 10ன்னா 6010. சர்வர்ல யாராவது நிஜ மானிட்டர் வெச்சிருந்தா மோதக்கூடாதுன்னு எஸ்எஸ்ஹெச் பத்துலேருந்து எண்ண ஆரம்பிக்கும். உனக்கு முன்னாடி இன்னொரு பையன் உள்ள இருந்தா அவனுக்கு 10, உனக்கு 11. ஒவ்வொரு லாகினுக்கும் மாறலாம், அதனாலதான் கையால எழுதி வைக்கக்கூடாது.

[இரவு 9:31] இனியன்: பைத்தான்ல மட்டும் இன்னும் அதே “குடன்ட் கனெக்ட்”. ஆனா இப்போ லோக்கல்ஹோஸ்ட் கோலன் 11.0ன்னு சொல்லுது. கடிகாரம் வருதே?

[இரவு 9:32] அக்கா: பைத்தானை டிமக்ஸ்குள்ள (லாகின் போனாலும் ஷெல்லை உயிரோட வைக்கிறது) ஓட்டுறியா?

[இரவு 9:32] இனியன்: ஆமாக்கா, எப்படித் தெரியும்

[இரவு 9:36] அக்கா: 11ன்னு சொல்லுதே. டிமக்ஸ் செஷனை வேற லாகின்லேருந்து திறந்திருக்கே. அப்போ உனக்குக் கிடைச்சது 11. அந்தக் கனெக்‌ஷன் போயிடுச்சு, சுரங்கமும் போயிடுச்சு. ஆனா உள்ள இருக்கிற ஷெல் இன்னும் பழைய விலாசத்தையே பிடிச்சிட்டிருக்கு. வெளிய ஒரு தடவை எக்கோ அடிச்சு நம்பரைப் பார்த்துக்கோ, டிமக்ஸ்குள்ள போய் எக்ஸ்போர்ட் பண்ணி அதையே வை. இந்த இடத்துல மட்டும் கையால வைக்கலாம். ஏற்கெனவே ஓடிட்டிருக்கிற பைத்தானுக்கு இது போகாது, அதை மூடித் திறக்கணும்.

[இரவு 9:41] இனியன்: வந்துடுச்சு!!! கிராஃப் முழுசா. ரொம்ப நன்றிக்கா.
ஒரு சந்தேகம். லேப் நண்பன் சூடோ (ரூட், அதாவது அட்மின் உரிமை) போட்டு ஒரு டூல் திறந்தா “ராங் ஆதென்டிகேஷன்”னு வருதாம். எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் அடின்னு நெட்ல போட்டிருக்காம். அடிக்கலாமா?

[இரவு 9:42] சித்தப்பா: வேண்டாம்! தயவுசெய்து அடிக்கச் சொல்லாதே.

[இரவு 9:47] சித்தப்பா: காரணம் சொல்றேன். எக்ஸ்ல ஒரு கிளையன்ட்டுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல சுவரே கிடையாது. உள்ள வந்தவன் உன் எல்லா விண்டோவையும் படம் பிடிக்கலாம், நீ டைப் பண்ற பாஸ்வேர்டு வரைக்கும் படிக்கலாம். அதைத் தடுக்கிறது அந்தச் சாவி ஒண்ணுதான். எக்ஸ்ஆத் லிஸ்ட் அடிச்சுப் பாரு: சர்வர் பேரு, யூனிக்ஸ் கோலன் 10, எம்ஐடி மேஜிக் குக்கீ 1, கடைசியில 32 எழுத்து. அந்த 32 எழுத்துதான் சாவி. எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் அடிச்சா சாவியே தேவையில்லாம போயிடும்.
சூடோல ஏன் மறுக்குதுன்னா, சாவி நண்பனோட ஹோம்ல இருக்கு, ரூட் தன்னோட ஹோம்ல தேடுது. எக்ஸ்ஆத் லிஸ்ட் காட்டுற அந்த ஒரு வரியை எடுத்து, சூடோ எக்ஸ்ஆத் ஆட் போட்டு அப்படியே ஒட்டணும். அவ்வளவுதான் வேலை.

[இரவு 9:50] அக்கா: சித்தப்பா சொன்னதோட இதையும் சேர்த்துக்கோ. நீ ஃபார்வர்டிங் போட்டுப் போற சர்வர்ல ரூட் வெச்சிருக்கிறவங்க நினைச்சா உன் லேப்டாப் எக்ஸ் வரைக்கும் வரலாம். லேப் சர்வர் தெரிஞ்ச இடம், சரி. கண்ட சர்வருக்கு எல்லாம் டிக் போட்டுப் போகாதே.

[இரவு 9:53] அண்ணன்: மேக் வெச்சிருக்கிற பசங்க இருந்தா இதைச் சொல்லு. மேக்குக்கான எக்ஸ் சர்வர், எக்ஸ்குவார்ட்ஸ் தனியாப் போடணும், போட்டதும் ஒரு தடவை லாக்அவுட் பண்ணி வரணும், இல்லைன்னா டிஸ்ப்ளே காலியாவே இருக்கும். அதுல எஸ்எஸ்ஹெச் மைனஸ் பெரிய எக்ஸ் போட்டா நம்பிக்கை இல்லாத கனெக்‌ஷனா எடுத்துக்கும். 20 நிமிஷம் வரைக்கும் நல்லா ஓடும், அப்புறம் புது விண்டோ திறக்க விடாது. “நெட் சரியில்லை”ன்னு தேடிட்டு இருப்பாங்க. ஃபார்வர்ட் எக்ஸ்11 டைம்அவுட்தான் காரணம். சொந்த சர்வர்னா மைனஸ் பெரிய ஒய் போடலாம்.

[இரவு 9:58] இனியன்: கிராஃபை மவுஸால திருப்பினா ரொம்ப மெதுவா நகருது. நெட் 100 எம்பிபிஎஸ் இருக்கே?

[இரவு 10:03] அண்ணன்: வேகம் இல்லை, தூரம்தான் பிரச்சினை. எக்ஸ்ல ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் கேட்டு, பதில் வர்ற வரைக்கும் நிக்கணும். லேப் ரூம்லேருந்தே பிடிச்சா 1 மில்லி செகண்ட், வீட்டுலேருந்து 40 வந்தா அத்தனை கேள்விக்கும் 40. கம்ப்ரஷன் போட்டா கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். தினமும் வேலைன்னா விஎன்சி போயிடு. வரையறது எல்லாம் சர்வர்லயே நடக்கும், உனக்குப் படம் மட்டும் வரும். நெட் போனாலும் விண்டோ சாகாது, திரும்பிப் போய் அப்படியே பிடிச்சுக்கலாம்.

[இரவு 10:09] அக்கா: அட்மின் டைகர்விஎன்சியும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பும் போட்டுத் தந்தா போதும். போர்ட் 5900 கூட்டல் டிஸ்ப்ளே நம்பர், அதனால கோலன் 1ன்னா 5901. அதை வெளிய திறக்கச் சொல்லாதே. புட்டில எக்ஸ்11க்குப் பக்கத்துலயே டனல்ஸ் இருக்கும். சோர்ஸ் போர்ட் 5901, டெஸ்டினேஷன் லோக்கல்ஹோஸ்ட் கோலன் 5901, ஆட் அமுக்கணும். நிறையப் பேர் ஆட் அமுக்காமலே ஓப்பன் பண்ணிடுவாங்க. வியூவர்ல லோக்கல்ஹோஸ்ட் கோலன் 5901.
சாதா விஎன்சி பாஸ்வேர்டுல முதல் 8 எழுத்துதான் கணக்கு. பாதுகாப்பு சுரங்கத்துலதான் இருக்கு, பாஸ்வேர்டை நம்பாதே.

[இரவு 10:12] அக்கா: முதல் தடவை வெறும் சாம்பல் ஸ்கிரீன் வந்தா கனெக்‌ஷன் சரியாயிடுச்சுன்னு அர்த்தம், டெஸ்க்டாப்தான் எழும்பலை. ஹோம்ல டாட் விஎன்சி ஃபோல்டர்ல எக்ஸ்ஸ்டார்ட்அப் ஃபைல் பாரு. செஷன் மேனேஜரையும் டிபஸ் விலாசத்தையும் அன்செட் பண்ணிட்டு, கடைசியில ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4 இருக்கணும். ஃபைலை ஓட்ட அனுமதி குடுக்கிற சிஎச்மாட் 755 மறந்திருந்தாலும் இதே சாம்பல்தான். அதே ஃபோல்டர்ல டாட் லாக் ஃபைல் இருக்கும், அதோட கடைசி பத்து வரியை எனக்கு அனுப்பு.

[இரவு 10:15] இனியன்: சரிக்கா. அட்மின் சாருக்கு மெயில் போட்டுட்டேன். நாளைக்கு லேப்லேருந்தே முதல்ல கோலன் 1 ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டு லாக் அனுப்புறேன்.

[இரவு 10:16] அக்கா: ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டிஎஃப் மைனஸ் ஹெச் அடிச்சு ஹோம்ல இடம் இருக்கான்னு பாரு. அப்படியே கோட்டா மைனஸ் எஸ்ஸும் அடி. டிஸ்க் நிறைஞ்சிருந்தா சாவி ஃபைலையே எழுத முடியாம “எர்ரர் இன் லாக்கிங் அத்தாரிட்டி ஃபைல்”னு நிக்கும்.

[இரவு 10:18] இனியன்: கோட்டா 20 ஜிபில 19.8 போயிருக்கு அக்கா. பழைய சிமுலேஷன் ஃபோல்டரை இப்பவே லேப்டாப்புக்கு இறக்கிட்டு அழிக்கிறேன்.