மறு: காலண்டரில் ‘வியூ’வுக்கு என்ன சொல்? காட்சியா, ஏடா, தாளா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். அலுவலகக் காலண்டரின் அமைப்புகள் பக்கத்தை நானும் நேற்றிரவு தமிழாக்கிப் பார்த்தேன். ‘முடிந்தவற்றை மங்கலாக்கு’, ‘சனி, ஞாயிறு காட்டு’, ‘வர இயலாது என்றவற்றையும் காட்டு’ எல்லாம் சிரமமில்லாமல் வந்துவிட்டன. நாள், வாரம், மாதம் என்று திரையில் காட்டும் வகையைச் சொல்லும் ‘வியூ’வில்தான் மாட்டிக்கொண்டேன்.

> வியூ என்றால் காட்சி. மற்ற செயலிகளில் அப்படித்தானே இருக்கிறது?

மற்ற செயலிகளுக்குச் சரி ஐயா. இங்கே இடிக்கிறது. மேலே ‘நாள்காட்டி’ என்று தலைப்பு, அதன் கீழேயே ‘நாள் காட்சி’ என்று பொத்தான். வீட்டில் காட்டினேன், எழுத்துப்பிழையா என்று கேட்டார்கள். கூகுள் காலண்டரில் எக்ஸ் விசையைத் தட்டினால் நாம் அமைத்துக்கொள்ளும் வகை வரும், மாற்றாமல் விட்டால் 4 நாள். அதை ‘4 நாள் காட்சி’ என்று எழுதினால், படம் நாலே நாளில் தியேட்டரை விட்டுப் போன மாதிரி இருக்கிறது!

> நாளேடு, வார ஏடு?

அவற்றைப் பத்திரிகைக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இதழும் அப்படியே.

நான் சொல்வது ‘தாள்’. சுவர்க் காலண்டரில் காலையில் கிழிப்பதும் தாள்தான், மாதம் முடிந்ததும் புரட்டுவதும் தாள்தான். வாரத் தாள், மாதத் தாள், 4 நாள் தாள். திரையில் தாள் ஏது என்பீர்கள். விரிதாளை (ஸ்பிரெட்ஷீட்) திறக்கும்போது யாரும் காகிதத்தைத் தேடுவதில்லையே.

அவுட்லுக்கில் வேலைநாட்களை மட்டும் காட்டும் ‘வொர்க் வீக்’குக்கு ‘வேலை வாரம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேலை மலையாகக் குவிந்த வாரம் போல ஒலிக்கிறது. ‘5 நாள் தாள்’ என்றால், சனிக்கிழமையும் ஆபீஸ் போகிறவர் என்ன செய்வார்? ‘திங்கள்–வெள்ளி’யும் ஆகாது. சவூதியில் 2013 முதல் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை, ஞாயிறு வேலைநாள். அங்கிருக்கும் நம் ஆட்களும் இதைத்தான் திறக்கப்போகிறார்கள். ‘வேலைநாள் தாள்’ என்று வைத்தால் அவரவர் எந்தக் கிழமைகளைத் தேர்ந்தெடுத்தாலும் பொருந்தும்.

நிகழ்ச்சிகளை வரிசையாகக் காட்டும் ‘அஜெண்டா’வை ‘பட்டியல்’ என்றே விடலாம். நிகழ்ச்சி நிரல் நல்ல சொல்தான், ஆனால் சுருக்கி ‘நிரல்’ என்று போட்டால் புரோகிராம் ஆகிவிடும்.

நிரலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்னால் ஒரு மாறி (வேரியபிள்), பின்னால் ‘தாள்’ என்று ஒரே சரமாக (ஸ்ட்ரிங்) ஒட்டித் தராதீர்கள். மாறியில் ‘வாரம்’ வந்து உட்கார்ந்தால் ‘வாரம் தாள்’ என்று அசிங்கமாக நிற்கும். மகரம் போய் ஒற்று வந்து ‘வாரத் தாள்’ ஆக வேண்டும், ஆண்டுக்கு ‘ஆண்டுத் தாள்’. ஒவ்வொன்றையும் தனிச் சரமாகக் கொடுத்தால் பிழைத்தோம்.

இனி என் பக்கத்து ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். இலக்கணம் படித்தவர்கள் எப்படியும் பிடித்துவிடுவீர்கள். நாளும் தாளும் விதிப்படி புணர்ந்தால் ‘நாட்டாள்’! எந்த நாட்டு ஆள் என்று கேள்வி வரும். வேலைநாள் தாளுக்கும் அதே கதிதான். இப்போதைக்கு இடைவெளி விட்டு ‘நாள் தாள்’ என்றே எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பாமல்தான்.

கைப்பேசியில் இடம் குறைவு என்பதால் பொத்தான்களில் வெறுமனே நாள், வாரம், மாதம் போதும். தாள் அமைப்புகள் பக்கத்தில் மட்டும் வரட்டும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அந்த நாட்டாளுக்கு மாற்று வைத்திருப்பவர் முதலில் எழுதுங்கள்.

அன்புடன்,
குழும உறுப்பினன்