ஒரே வண்டி, நாலு பேர்: கலிஃபோர்னியாவா, டுகாட்டோவா, கிராண்ட் கலிஃபோர்னியாவா?

ஊர்சுத்தி:
வணக்கம் நண்பர்களே, கேம்பர் வேன் (உள்ளயே படுத்து சமைச்சுக்கற வண்டி) ஒண்ணு வாங்கணும், ஒரு மாசமா மண்டைய குடையுற விஷயம். நாங்க ரெண்டு பேர், பசங்க ரெண்டு பேர் (6 வயசு, 9 வயசு). மாசத்துக்கு ரெண்டு வீக்எண்ட் வெளிய போவோம், வருஷத்துல ஒரு தடவை மூணு வாரம் நீளமா ஒரு ட்ரிப். வேற கார் கிடையாது, ஸ்கூல் ஆபீஸ் எல்லாத்துக்கும் இதேதான் ஓடணும். ஃபோக்ஸ்வேகன் கலிஃபோர்னியா டி6.1, ஃபியட் டுகாட்டோ மேல கட்டுன 6 மீட்டர் வேன், ஃபோக்ஸ்வேகனோட பெரிய வேன் கிராண்ட் கலிஃபோர்னியா 600, இந்த மூணுல சுத்திக்கிட்டு இருக்கேன். போட்டோல பாத்தா மூணுமே அழகு. வச்சிருக்கவங்க உண்மைய சொல்லுங்க ப்ளீஸ்.

கூரைக்கு_மேல:
நம்மகிட்ட டி6.1 இருக்கு, நாலு வருஷமாச்சு. தினசரி ஓட்டணும்னா எனக்கு இதவிட்டா வேற தோணல. நீளம் 4.9 மீட்டர், உயரம் 1.99, அதனால 2 மீட்டர் தடுப்பு போட்ட பார்க்கிங்லயும் நூலிழைல நுழைஞ்சிரும் (மேல எதையாவது கட்டியிருந்தா போச்சு, அத மறக்காதீங்க). கூரைய தூக்கிட்டா மேல ரெண்டு பேர் கீழ ரெண்டு பேர் படுக்கலாம், ரெண்டு அடுப்பு, 42 லிட்டர் ஃப்ரிட்ஜ், 30 லிட்டர் தண்ணி. வீக்எண்டுக்கு தாராளம்.

ஆனா மழை வந்தா கதையே வேற. தூக்குற கூரையோட சைடுல இருக்கறது துணிதானே, காலைல எந்திரிச்சு பாத்தா உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நிக்கும், கைய வச்சா வழிஞ்சு மெத்தைல இறங்கும். ஈரத்தோட மூடிட்டு வீட்டுக்கு வந்தீங்கன்னா அன்னைக்கே திறந்து காய வச்சிருங்க, இல்லன்னா பூஞ்சை புடிச்சுரும். அப்புறம் கக்கூஸ், வண்டிக்குள்ள கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்கு சின்னவன் எழுப்புனா அவன மேல இருந்து இறக்கி, கீழ படுத்திருக்கவங்கள தாண்டி, டார்ச் தேடி... மூணு நாள் பொறுத்துக்கலாம், மூணு வாரம்னா நல்லா யோசிச்சுக்கோங்க.

நீளவண்டி:
நான் டுகாட்டோ ஆளு. கேம்பர் கட்டுறவங்க நிறைய பேர் இத எடுக்கறதுக்கு காரணம் இருக்கு, பக்கச்சுவர் கிட்டத்தட்ட நேரா மேல போகும், வண்டியும் அகலம், அதனால குறுக்க கட்டில் போட முடியுது. குறுக்க படுத்தா நீளத்துல மிச்சமாகுற இடத்துலதான் 6 மீட்டருக்குள்ள பாத்ரூமும் கிச்சனும் அடங்குது. முன் சக்கர டிரைவ் வேற, பின் சக்கரத்த சுத்தறதுக்கான ஷாஃப்ட் (இரும்புத் தண்டு) கீழ ஓடாது, தரை தாழ்வா இருக்கும், பசங்க ஏறி இறங்க சுலபம். ஈரப் புல்லுல மட்டும் சிக்கும், பின்னால வெயிட் ஏத்தியிருந்தா முன் சக்கரம் சும்மா சுத்தும். காட்டுப் பாதைதான் உங்க ஆசைன்னா மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டர் வேன்ல நாலு சக்கர டிரைவ் பாருங்க.

உங்களுக்கு முக்கியமான ஒண்ணு. 6 மீட்டர் வேன்ல நிறைய மாடல்ல பெல்ட் போட்ட சீட் நாலு இருக்கும், படுக்கை ரெண்டு பேருக்குத்தான். நாலு பேர் தூங்கணும்னா பின்னால அடுக்குக் கட்டில் இல்லன்னா தூக்குற கூரை உள்ள மாடலா கேட்டு வாங்குங்க. கிராண்ட் கலிஃபோர்னியா 600லயும் பசங்களுக்கான மேல் கட்டில் ஆப்ஷன்தான், உயரமும் கிட்டத்தட்ட 3 மீட்டர், ஸ்கூல் வாசல்ல அத திருப்பி நிறுத்துறத நினைச்சு பாருங்க.

ஊர்சுத்தி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும், படுக்கை கணக்கு நான் யோசிக்கவே இல்ல. எடை பத்தி பயப்படணுமா?

நீளவண்டி:
கண்டிப்பா. இந்த சைஸ் வேன் நிறைய, ஆளு சாமான் எல்லாம் சேத்து மொத்தம் 3.5 டன்னுக்குத்தான் பதிவாகுது. 100 லிட்டர் தண்ணி ரொப்புனாலே 100 கிலோ போச்சு, அதுக்கு மேல ஆளுங்க, சைக்கிள், சாப்பாடு, வெய்யில் மறைப்பு. நான் முதல் ட்ரிப் கிளம்பறப்ப எடை மேடைல ஏத்தி பாத்தா லிமிட் தாண்டி 60 கிலோ, அங்கயே முக்கால்வாசித் தண்ணிய திறந்து விட்டேன். சேல்ஸ்ல சொன்ன காலி எடைல நாங்க சேத்த எக்ஸ்ட்ரா எதுவுமே இல்ல. வாங்குறதுக்கு முன்ன எல்லா ஆப்ஷனும் சேத்த எடைய எழுத்துல கேளுங்க.

கூரைக்கு_மேல:
அண்ணன் சொல்றது சரி. ஊர்சுத்தி, நீங்க வருஷத்துல பெரும்பாலான நாள் ஸ்கூலுக்கும் ஆபீசுக்கும்தான் ஓட்டப் போறீங்க, அதனால என் ஓட்டு சின்ன வண்டிக்குத்தான். மூணு வார ட்ரிப்புக்கு பின்னால ஒரு டென்ட் கட்டிக்கலாம், மடக்குற டாய்லெட் ஒண்ண அதுல வச்சிரலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க, மழைக்காலத்துல மூணு ராத்திரி வாடகைக்கு எடுத்து நாலு பேரும் படுத்து பாருங்க.

ஊர்சுத்தி:
அடுத்த மாசம் டி6.1 ஒண்ணு வாடகைக்கு சொல்லியாச்சு, மழை வந்தாலும் கேன்சல் பண்ணல. வந்து எழுதறேன்.