அலாய் வீலைச் சொல்லாம விட்டுட்டேன், இன்சூரன்ஸ்ல கேக்குறாங்க. கிளெய்ம் போயிடுமா?

கோவென்ட்ரி_புதுசு
வணக்கம், அவசரம். தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க. இங்கிலாந்து வந்து நாலு மாசம்தான் ஆகுது. போன மாசம் ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் கார் வாங்கினேன், ஷோரூம்ல இல்ல, ஒருத்தர் வீட்டு வாசல்ல போய்ப் பாத்து. முந்தாநாள் ரவுண்டபவுட்ல ஒரு இடி. யாருக்கும் அடி இல்ல. இன்னைக்கு இன்சூரன்ஸ்ல இருந்து போன். "வண்டியில இருக்கற வீல் இந்த மாடலோட வர்றது இல்ல போலிருக்கே, மாடிஃபிகேஷன் எதுவும் இல்லன்னு போட்டிருக்கீங்களே"ன்னு கேட்டாங்க. கையும் ஓடல, காலும் ஓடல. நாளைக்கு மத்தியானம் நானே கூப்பிடுறேன்னு சொல்லி வச்சுட்டேன். வீலை நான் மாத்தல சார், வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு. பொய் சொன்னதா ஆயிடுமா? விசாவுக்கு ஏதாவது வருமா? வீட்ல ரெண்டு நாளா யாரும் என்கிட்ட பேசல.

லெஸ்டர்_அக்கா
தம்பி, முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன், வந்து நாலு மாசத்துல கார் எதுக்கு? நாங்க 2009ல வந்தப்ப மூணு வருஷம் பஸ்தான். ஜனவரி மாசம், நாலு மணிக்கே இருட்டிடும், ஒரு கையில பத்து கிலோ அரிசி, இன்னொரு கையில புள்ள. பஸ் வராது. அழுதுகிட்டே நடந்திருக்கேன். அதெல்லாம் தாண்டித்தான் வந்தோம். அப்புறம் முக்கியமா, ஊர் லைசன்ஸ்ல இங்க குடி வந்ததுல இருந்து 12 மாசம்தான் ஓட்டலாம். ப்ரொவிஷனல், அதான் பழகுநர் லைசன்ஸ், வாங்கி இப்பவே தியரி டெஸ்ட் புக் பண்ணிடுங்க.

கோவென்ட்ரி_புதுசு
அக்கா, சரிதான். ஆனா நாளைக்கு போன்ல என்ன சொல்றது?

டாக்ஸி_அண்ணை
தம்பி, ஒண்டுக்கும் பயப்பிடாதையும். நான் 17 வருசமா மினிகேப் ஓடுறன். அவங்கள் கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும், அதுக்கு மேலை ஒரு சொல்லும் கதைக்காதையும். "வாங்கேக்கை இப்பிடித்தான் இருந்தது, எனக்கு ஒண்டும் தெரியாது" எண்டு சொல்லிப்போட்டு போனை வையும். நான் முதல் வாங்கின கார் ரீமேப் செய்தது எண்டு எனக்கு ரெண்டு வருசத்துக்குப் பிறகு ஒரு மெக்கானிக் சொல்லித்தான் தெரியும். எஞ்சினுக்குள்ளை கிடக்கிற மென்பொருளை நான் என்னெண்டு பாக்கிறது? அந்த நேரம் கட்டிலும் இல்லை, ஒரு அறையிலை நாலு பேர் படுத்தனாங்கள்.

வரவுசெலவு
டாக்ஸி அண்ணன் சொல்றதைக் கேட்டு மாட்டிக்காதீங்க. எல்லாத்தையும் சொல்லணும். எல்லாத்தையும்னா எல்லாத்தையும்: டாஷ்கேம், டிரெய்லர் இழுக்கற டோ பார், மேல வைக்கற பெட்டி, சீட் கவர். நான் சைக்கிள் மாட்டற கம்பி வாங்கினதைக்கூட போன் போட்டுச் சொன்னேன். பிரீமியம் ஒரு பைசா ஏறல. விவரத்தை மாத்தினதுக்கு 25 பவுண்ட் அட்மின் கட்டணம் மட்டும் எடுத்துக்கிட்டாங்க.

டாக்ஸி_அண்ணை
சீட் கவருக்கு 25 பவுணோ! நல்லாய் இரும்.

வாட்ஃபோர்ட்_பையன்
25 பவுண்டுக்கே இப்படியா? எனக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு மாறினதுக்கு 140 பவுண்ட் கேட்டாங்க. அதே கார், அதே ஆள், போஸ்ட்கோட் மட்டும் வேற. மொத்தமா கட்ட முடியலன்னு மாசா மாசம் கட்டினா அதுக்கு வட்டி. கையில காசு இல்லாதவனுக்குத்தான் எல்லாமே விலை ஜாஸ்தி.

லெஸ்டர்_அக்கா
எங்க வீட்டுக்காரர் ஊர்ல பதினோரு வருஷம் ஒரு கிளெய்ம் இல்லாம ஓட்டினவர். அந்தப் பேப்பரை இங்க ஒரு கம்பெனியும் ஏத்துக்கல. முதல் வருஷம் கட்டின பணத்துல இன்னொரு பழைய காரே வாங்கியிருக்கலாம்.

வாட்ஃபோர்ட்_பையன்
வேலைன்னு கேக்கற இடத்துல ஒரு வார்த்தையை மாத்திப் போட்டா விலை மாறுது அக்கா. இது என்ன கணக்குன்னு யாராவது...

முன்னாள்_கிளெய்ம்ஸ்
கொஞ்சம் நிறுத்துங்க. தம்பிக்கு நாளைக்கு மத்தியானம் போன் இருக்கு. நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில கிளெய்ம்ஸ் பிரிவுல ஆறு வருஷம் இருந்தேன். தம்பி, நீங்க சொல்லாததுதான் நிறைய. யார் யாரை இடிச்சது? பாலிசியை நேரா எடுத்தீங்களா, விலை ஒப்பிடற தளத்துல எடுத்தீங்களா? மாடிஃபிகேஷன் பத்தி அங்க என்ன கேள்வி இருந்துச்சு? வீலைத் தவிர வண்டியில வேற ஏதாவது இருக்கா?

கோவென்ட்ரி_புதுசு
தப்பு என்னோடதுதான். வலது பக்கம் வந்த வண்டிக்கு வழி விடாம நுழைஞ்சுட்டேன். அதை உரசி, ஓரக்கல்லுல ஏறி, முன் வீல் உடைஞ்சிடுச்சு. ஒப்பிடற தளத்துலதான் எடுத்தேன். "காரில் ஏதாவது மாற்றம் செய்யப்பட்டிருக்கிறதா"ன்னு இருந்துச்சு, "இல்லை"ன்னு அழுத்தினேன். பின்னாடி டோ பார் இருக்கு, அதுவும் பழைய ஓனர் போட்டது. அப்புறம்... வாங்கி ரெண்டு வாரம் கழிச்சு முன் கதவுக் கண்ணாடி ரெண்டுக்கும் நானே கறுப்பு ஃபிலிம் ஒட்டினேன். அதைப் பத்தி அவங்க கேக்கல. அதையும் சொல்லணுமா?

வரவுசெலவு
அட சாமி.

முன்னாள்_கிளெய்ம்ஸ்
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். பரவாயில்ல, இப்ப கேளுங்க.

வீல்ல இருந்து ஆரம்பிக்கறேன். "இந்த மாடலோட வராதது"ன்னா அடிப்படை மாடலோட வராததுன்னுதான் பல நேரம் அர்த்தம். புதுசா வாங்கினவர் ஆர்டர் கொடுக்கும்போதே பெரிய வீலைக் காசு கொடுத்துக் கேட்டிருக்கலாம். தொழிற்சாலையிலேயே போட்டு வந்த எக்ஸ்ட்ராவைப் பல கம்பெனிகள் மாடிஃபிகேஷன் கணக்குல சேக்கறதில்ல. வெளியில எவனோ மாட்டினதுதான் அவங்களுக்கு முக்கியம். சில கம்பெனி ரெண்டையுமே கேக்கும், அதனால பாலிசி புத்தகத்துல அந்த வார்த்தைக்கு என்ன விளக்கம்னு பாருங்க. நாளைக்குக் காலையில முதல் வேலை, சேஸி நம்பரை எடுத்துக்கிட்டு அந்த பிராண்டோட டீலர்கிட்ட ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டருக்கு போன் போடுங்க. வண்டி என்னென்ன எக்ஸ்ட்ராவோட வெளிய வந்துச்சுன்னு அவங்களால பாக்க முடியும். மின்னஞ்சல்ல அனுப்பச் சொல்லுங்க.

வீல் வெளியில மாத்தினதுன்னே இருந்தாலும் உலகம் முடிஞ்சு போகாது. இங்க 2012ல நுகர்வோர் இன்சூரன்ஸ் சட்டம் ஒண்ணு வந்து, 2013 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுக்கு முன்னாடி, கேக்காட்டியும் முக்கியமானதை நாமளே தேடிப்போய்ச் சொல்லணும். இப்ப அப்படி இல்ல. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோட பதில் சொன்னோமாங்கறதுதான் அளவுகோல். கவனக்குறைவா தப்பாச் சொல்லியிருந்தா, சரியான பதிலுக்கு அவங்க என்ன பண்ணியிருப்பாங்களோ அதை வச்சுத்தான் முடிவு. நீங்க 900 பவுண்ட் கட்டியிருக்கீங்க, வீலைச் சொல்லியிருந்தா 1,000 கேட்டிருப்பாங்கன்னு வைங்க, கிளெய்ம்ல 90 சதவீதம் வரும். சொல்லியிருந்தாலும் அதே விலை, அதே நிபந்தனைன்னா பிடிக்கவே முடியாது. அந்த வண்டியை எடுத்தே இருக்க மாட்டோம்னு காட்டினாங்கன்னா பாலிசியை ரத்து பண்ணலாம், ஆனா பிரீமியத்தைத் திருப்பித் தரணும். தெரிஞ்சே பொய் சொன்னவனுக்குத்தான் கிளெய்மும் இல்ல, கட்டின காசும் பெரும்பாலும் திரும்பாது.

அதனாலதான் டாக்ஸி அண்ணன் சொன்னதுல பாதியை எடுத்துக்குங்க. "வாங்கும்போதே இருந்துச்சு" உண்மை, சொல்லுங்க. "எனக்கு ஒண்ணும் தெரியாது" வேண்டாம், ஏன்னா ஃபிலிமை ஒட்டினது நீங்க. இதுவரைக்கும் உங்க மேல இருக்கறது கவனக்குறைவுதான். நாளைக்கு மறைச்சீங்கன்னா அது வேற பேர்ல போகும். விசா பத்திக் கேட்டீங்க. தெரியாம விட்டது உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவுல இருக்கற ஒப்பந்த விவகாரம். மோசடி அப்படி இல்ல, அந்தப் பக்கமே போகாதீங்க.

ஃபிலிம் விஷயம் தனி. பாலிசி எடுத்த பிறகு ஒட்டினதால, எடுக்கும்போது பொய் சொன்னதா ஆகாது. ஆனா நடுவுல வண்டியில மாத்தம் செஞ்சா சொல்லணும்னு புத்தகத்துல நிபந்தனை இருக்கும், அந்தப் பக்கத்தைப் படிங்க. அதைவிடப் பெரிய தலைவலி, இங்க முன் பக்கவாட்டுக் கண்ணாடி குறைஞ்சது 70 சதவீதம் வெளிச்சத்தை உள்ள விடணும். பின் கண்ணாடிகளுக்கு அந்த வரம்பு இல்ல. கறுப்பு ஃபிலிம்னா போலீஸ் நிறுத்தினாலே பிரச்சினை. பிச்சு எடுக்கணும்தான், ஆனா இன்னைக்கு ராத்திரி பிச்சுட்டு நாளைக்கு ஒண்ணுமே இல்லன்னு சொல்லாதீங்க. வண்டியை போட்டோ எடுத்திருப்பாங்க. சொல்லிட்டு எடுங்க. டோ பாரையும் அதே மூச்சுல சொல்லிடுங்க.

அந்த இன்னொரு வண்டிக்காரருக்கு ஆக வேண்டியதை பெரும்பாலும் கம்பெனிதான் கொடுக்கணும், இந்த வீல் கதை அவருக்கு இல்ல.

போன்ல பேசினாலும் அதையே எழுத்துல அனுப்புங்க. பணத்தைக் குறைச்சாங்கன்னா, நீங்க பாத்த கேள்வியோட வாசகத்தையும், பிரீமியம் ஏறியிருக்கும்ங்கறதுக்கு ஆதாரத்தையும் கேளுங்க. ஒத்துவரலன்னா முறைப்படி புகார் கொடுங்க. அவங்களுக்கு 8 வாரம். அப்புறம் ஃபினான்ஷியல் ஆம்பட்ஸ்மேன், இந்த மாதிரி புகாரை விசாரிக்கற தனி அமைப்பு, காசு கிடையாது. கடைசிப் பதில் வந்து 6 மாசத்துக்குள்ள போயிடணும். பாலிசியை ரத்து பண்ணிட்டாங்கன்னா அதை லேசா விடாதீங்க. இனி எடுக்கற ஒவ்வொரு பாலிசியிலும் "உங்க பாலிசி எப்பவாவது ரத்தாகியிருக்கா"ன்னு கேப்பாங்க.

டாக்ஸி_அண்ணை
ஃபிலிம் ஒட்டினது எனக்குத் தெரியாதே. அப்பிடியெண்டா இவர் சொல்லுறதைக் கேளும் தம்பி. ஆனால் கதையைச் சுருக்கமாச் சொல்லும்.

வரவுசெலவு
சீட் கவர் சொல்ல வேண்டாமா அப்ப?

முன்னாள்_கிளெய்ம்ஸ்
உங்க கம்பெனி கேள்வியில இருந்தா சொல்லணும். சீட் கவரைக் கேட்ட கம்பெனியை நான் பாத்ததில்ல.

கோவென்ட்ரி_புதுசு
சேஸி நம்பர் எங்க இருக்கும்? லாக்புக்ல, அதான் வண்டிப் பதிவுப் பத்திரத்துல, பேரு, நிறம், எஞ்சின் எல்லாம் இருக்கு, வீல் பத்தி எதுவும் இல்ல.

முன்னாள்_கிளெய்ம்ஸ்
லாக்புக்ல வீல் இருக்காது, சேஸி நம்பர் இருக்கும், நல்லாப் பாருங்க. முன் கண்ணாடி அடியில வெளிய இருந்தே படிக்கற மாதிரியும் இருக்கும். ரெண்டும் ஒண்ணுதானான்னு பாத்துக்குங்க.

கோவென்ட்ரி_புதுசு
பேசிட்டேன். டீலர்கிட்ட இருந்து மின்னஞ்சல் வந்துச்சு, 18 இன்ச் வீல் ஆர்டர்லயே போட்டு வந்ததாம். அதை அனுப்பினதும் வீல் விஷயத்தை விட்டுட்டாங்க. டோ பாருக்கு எதுவும் சொல்லல. ஃபிலிமைச் சொன்னப்ப அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பாலிசி கொடுக்கறதை முடிவு பண்ற அண்டர்ரைட்டர்கிட்ட கேட்டுட்டு திங்கட்கிழமை சொல்றேன்னாங்க. சாயங்காலம் ஹேர் டிரையர் வச்சு ஃபிலிமை எடுக்கறேன், பசை போகவே மாட்டேங்குது.

லெஸ்டர்_அக்கா
சோப்புத் தண்ணி தெளிச்சு எடுங்க. தியரி புக் பண்ணியாச்சா?