ஒரு மணி நேரப் பதிவில் கால் நொடி பிந்தும் ஒலி: கிரிஸ்டலில் கோளாறா?

தக்கலைவாசி:
சுசீந்திரத்தில் ஒரு நாதசுரக் கச்சேரியை, நானே செய்த போர்டில் 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, கேமராக் காட்சியோடு சேர்த்தேன். தொடக்கத்தில் தவில்காரரின் கையும் ஒலியும் ஒன்றாக இருக்கின்றன. ஒரு மணி நேரத்தில் ஒலி கால் நொடி பிந்திவிடுகிறது. போர்டுக்குக் கடிகாரத் துடிப்பைத் தரும் 24.576 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் இரு கால்களிலும் 22 பைக்கோஃபாரட் மின்தேக்கிகள் உள்ளன. கிரிஸ்டலின் காலில் அளவுக்கருவியின் முனையை (புரோப்) வைத்தால் 24.5762 என்று ஏறக்குறையச் சரியாகவே காட்டுகிறது. ஜிட்டர்தான் காரணம் என்கிறார்கள். விலை கூடிய ஆசிலேட்டர் வாங்க வேண்டுமா?

மார்த்தாண்டம் சால்டர்:
வேண்டாம், தம்பி. ஜிட்டர் என்பது அலையின் விளிம்புகள் முன்னும் பின்னுமாகத் துடிப்பது. அது மணிக்கணக்கில் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகாது. 3,600 நொடிக்குக் கால் நொடி என்றால், பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 70 பங்கு உங்கள் கிரிஸ்டல் வேகமாக ஓடுகிறது. அதனால் நொடிக்கு 48,000-க்கு மேல் மாதிரிகள் பதிவாகி, சரியான வேகத்தில் ஓட்டும்போது ஒலி நீண்டு பிந்துகிறது. (சுருதியில் இது ஒரு சென்ட்டின், அதாவது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கின், எட்டில் ஒரு பங்குதான்; எந்த வித்வானின் காதுக்கும் எட்டாது.)

கிரிஸ்டல் 18 பைக்கோஃபாரட் சுமைக்கு (சரியாக ஓட அதன் கால்களுக்கிடையே இருக்க வேண்டிய மின்தேக்கத்துக்கு) வெட்டப்பட்டதா என்று பாருங்கள். தொடராக அமையும் இரண்டு 22-கள் தருவது 11. போர்டின் தடங்களும் ஐசியின் கால்களும் சேர்ப்பது சுமார் 4. ஆக 15 தான். சுமை குறைந்தால் அதிர்வெண் கூடும். புரோபோ தன் பங்குக்கு 12 பைக்கோஃபாரட் அளவில் ஒரு காலில் ஏற்றுவதால், நீங்கள் அளக்கும் நேரத்தில் மட்டும் அது ஒழுங்காக ஓடியிருக்கிறது! கிரிஸ்டலைத் தொடாமல், அதன் துடிப்பு 512-ஆல் வகுபட்டு வரும் வேர்டு கிளாக்கில் (நொடிக்கு 48,000 மாதிரி எடுக்க வைக்கும் துடிப்பில்) அளந்து பாருங்கள்.

குளச்சல் காற்று:
சுமையைக் கூட்டப் பெரிய மின்தேக்கிகளாக மாற்றும்போது சி0ஜி வகையையே போடுங்கள். மற்ற வகைகளின் மதிப்பு வெப்பத்தோடு நகரும். பற்றவைத்தபின் எஞ்சும் ஃபிளக்ஸ் பசையைக் கழுவாமல் விட்டால், எங்கள் கடற்கரையின் உப்பு ஈரம் அதில் படிந்து கசிவுப் பாதையாகிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள்.

தக்கலைவாசி:
அண்ணாச்சி சொன்னபடியே 18 தான். வேர்டு கிளாக் 48,003.4 ஹெர்ட்ஸ் காட்டியது. 27 பைக்கோஃபாரட் போட்டுத் துடைத்த பின் 48,000.4. நேற்றைய ஒரு மணி நேரப் பதிவில், கடைசித் தவில் அடி வரை ஒரு ஃபிரேம்கூட விலகவில்லை.