மறு: போலி அரசனா, அரசுரிமை கோருநரா?

நண்பர்களுக்கு வணக்கம். படத்தின் வசன வரிகளில், அரியணை தனக்கே உரியது என்று கிளம்புபவரை (ஆங்கிலத்தில் pretender) தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதானே நம் பேச்சு.

ஐயா சொன்ன 'போலி அரசன்' சுருக்கமானது, வசன வரியில் கச்சிதமாக உட்காரும். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. வழக்கு நடக்கும்போதே தீர்ப்பைச் சொல்லிவிடுகிற சொல் அது.

படத்தில் வரும் இரண்டு பேரைப் பாருங்கள். 1487இல் லாம்பர்ட் சிம்னெல் என்ற சின்னப் பையனை, இவர்தான் அரச குடும்பத்து வாரிசான வாரிக் பிரபு எட்வர்ட் என்று சொல்லி டப்ளின் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தில் முடிசூட்டினார்கள். அப்போதைய இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி, லண்டன் கோபுரத்தில் அடைத்து வைத்திருந்த உண்மையான எட்வர்டை வெளியே கொண்டுவந்து ஊரார் கண்ணில் படும்படி நடத்திக் காட்டினார். ஸ்டோக் போரில் சிம்னெல் தரப்பு தோற்ற பிறகு அவரைத் தூக்கில்கூடப் போடவில்லை. அரண்மனை அடுக்களையில் இறைச்சி கோத்த கம்பியைத் தணலில் சுழற்றும் வேலைக்குப் போட்டார்கள். இவரைப் போலி என்றால் சண்டைக்கு யாரும் வரப்போவதில்லை.

பெர்கின் வார்பெக் அப்படியில்லை. 1491இல் அயர்லாந்தின் கார்க் நகரில் வந்து இறங்கியவர், பின்னர் தன்னை மறைந்த இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டின் இளைய மகன் ரிச்சர்ட் என்றார். அந்த ரிச்சர்ட் 1483க்குப் பின் அதே கோபுரத்தில் யார் கண்ணிலும் படாமல் போனவர். எதிரே நிறுத்திக் காட்ட ஹென்றியிடம் அசல் ஆள் இல்லை! ஸ்காட்லாந்தின் நான்காம் ஜேம்ஸ் இவரை நம்பி, அல்லது நம்புவதாகக் காட்டி, தம் உறவுக்காரப் பெண்ணையே கட்டிக்கொடுத்தார். 1497இல் பிடிபட்டதும், தான் டூர்னே (இன்றைய பெல்ஜியத்தில் உள்ளது) ஊர்க்காரன் என்று வாக்குமூலம் கொடுத்தார். 1499இல் தூக்கு. ஹென்றியின் பிடியில் இருந்தவர் கொடுத்த வாக்குமூலம் எவ்வளவு பெறும் என்பது தனி வழக்கு.

மற்றப் பரிந்துரைகளில் 'தாயாதி' நல்ல பழைய சொல்தான். ஆனால் ரத்த உறவு உறுதியான பிறகுதானே தாயாதி? இங்கே தகராறே அதில்தான். 'அரியணை வேட்பாளர்' வேண்டவே வேண்டாம், வைப்புத்தொகை கட்டினாரா என்று கேட்பார்கள்.

என் பரிந்துரை 'அரசுரிமை கோருநர்'. பெறுநர், இயக்குநர் மாதிரி. உரிமை உண்டா இல்லையா என்று சொல் வாய் திறக்காது. நம் மலாய் வட்டாரத்துக்கும் பொருந்துகிறது. 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் ஜொகூர் சுல்தானாக ஏற்ற துங்கு ஹுசைன், மறைந்த சுல்தானின் மூத்த மகன். தம்பி அப்துல் ரஹ்மான் ஏற்கெனவே சுல்தானாக இருக்கும்போது இவரைக் கொண்டுவந்தார்கள். ஹுசைனைப் போலி என்று எழுதினால் இங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சிரிப்பார்கள். கோருநர் என்றால் சரி. 1699இல் கொல்லப்பட்ட சுல்தான் மஹ்மூதின் மகன், தந்தை இறந்தபின் பிறந்தவன் என்று சொல்லி 1718இல் ஜொகூரைப் பிடித்த ராஜா கெச்சிலுக்கும் இதே சொல் போதும்.

அப்புறம், ஆள்மாறாட்டம் ஐயமின்றித் தெரிந்த இடத்தில் மட்டும் 'ஆள்மாறாட்டக் கோருநர்' என்போம். சிம்னெலுக்கு அது, வார்பெக்குக்கு வெறும் கோருநர். வரி நீளுகிறது என்பவர்கள் முதல் தடவை முழுச்சொல்லைப் போட்டுவிட்டு, பிறகு 'கோருநர்' என்று நிறுத்திக்கொள்ளலாம். மறுப்பு இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள், வெள்ளிக்கிழமை கோப்பு கைமாற வேண்டும்.