ஹைட்ரில்லா சோதனை: விளக்கைக் கிட்டக் கொண்டுவந்தும் குமிழி கூடவில்லை, ஏன்?

பாசிக்கொடி:
ஒளிச்செறிவு கூடினால் ஒளிச்சேர்க்கை வேகமும் கூடும் என்று காட்டும் செய்முறை. பீக்கர் தண்ணீரில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி, வெட்டிய முனை மேலே பார்த்தபடி. அதன் மேல் கவிழ்த்த புனல், புனல் மேல் நீர் நிரப்பிய சோதனைக் குழாய். 60 வாட் குண்டு பல்பு. ஒரு நிமிடத்துக்கு வந்த குமிழிகள்:

50 செ.மீ. – 6
40 செ.மீ. – 9
30 செ.மீ. – 16
20 செ.மீ. – 35
10 செ.மீ. – 37

20 வரை ஜோராக ஏறிவிட்டு 10-ல் படுத்துவிட்டது. தூரம் பாதியானால் ஒளி 4 மடங்கு ஆகுமே, 140 வரவேண்டாமா? இன்னொரு குழப்பம்: பல்பை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் குமிழி வந்தது. இருட்டில் எப்படி ஆக்சிஜன்? ரெக்கார்டில் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

மீன்தொட்டி:
இவ்வளவு கிட்ட வெளிச்சம் வச்சா செடி கருகிடும் தம்பி. வேற துண்டு போட்டுப் பாருங்க.

செடி டீச்சர்:
கருகாது. அந்த பல்பு 10 செ.மீ.யில் தருவது ஏறக்குறைய 6,000 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு). உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். குளத்தில் அந்த வெயிலைத் தாங்குகிற செடி இது.

தம்பி, வரைபடத்தில் தூரத்தைப் போடாமல் 1/தூர² போடுங்க. எளிதாக இருக்க 10,000-ஆல் பெருக்கினால் 4, 6.25, 11.1, 25, 100 என்று வரும். உங்க குமிழி எண்ணிக்கையை இதால் வகுத்துப் பாருங்க: 1.5, 1.44, 1.44, 1.4. கடைசியில் மட்டும் 0.37. முதல் நாலு புள்ளியும் நேர்கோட்டில் உட்காருது, பள்ளிச் சோதனைக்கு இது ரொம்ப நல்ல அளவீடு. 10 செ.மீ.யில் ஒளிக்குப் பஞ்சமில்லை, வேறு ஏதோ தட்டுப்பாடு. தாவரவியலாளர் பிளாக்மேன் 1905-ல் சொன்ன கட்டுப்படுத்தும் காரணி இதுதான்: எது தட்டுப்பாடோ அதுவே வேகத்தைத் தீர்மானிக்கும். இங்கே என் சந்தேகம் கார்பன் டை ஆக்சைடு மேல். அது காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். அதைக் கொடுக்கத் தண்ணீரில் சமையல் சோடா (சோடியம் பைகார்பனேட்) போட்டீங்களா? கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரா?

பாசிக்கொடி:
கொதித்து ஆறியதுதான் டீச்சர். சோடா போடவில்லை, செய்முறைத் தாளில் அது இல்லை. வெப்பநிலை 50 செ.மீ.யில் 27 டிகிரி, 10 செ.மீ. முடிவில் 33.

செடி டீச்சர்:
ரெண்டுக்கும் விடை கிடைச்சாச்சு. கொதிக்கும்போது கரைந்திருந்த வாயுவில் பெரும்பகுதி போய்விடும், செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு ஏது? அணைத்த பிறகு வந்தது பெரும்பாலும் சூட்டால். தண்டுக்குள் இருக்கும் காற்றறைகளில் வாயு விரிந்து வெட்டுவாய் வழியாக வெளியேறும். நீர் சூடாகும்போது அதில் கரைந்த வாயுவும் குமிழியாகப் பிரியும். அதனால் குழாயில் சேர்வது எல்லாமே ஆக்சிஜன் என்று எழுதிவிடாதீங்க.

சாதாரணத் தண்ணீர் 200 மி.லி.க்கு 1 கிராம் சோடியம் பைகார்பனேட். பல்புக்கும் பீக்கருக்கும் நடுவில் தட்டையான கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். எல்இடி கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் நீளக் குழல் விளக்கு வேண்டாம், கிட்டத்தில் அதற்கு 1/தூர² கணக்கு ஒத்துவராது. ஒவ்வொரு தூரத்திலும் 5 நிமிடம் செடியைப் பழகவிட்டு அப்புறம் எண்ணுங்க. அறை ஜன்னலையும் மூடிடுங்க.

மீன்தொட்டி:
டீச்சர் சொல்றது சரி, கருகல் பேச்சை விட்டுடுறேன். தொட்டியிலும் இதே கதைதான். கார்பன் டை ஆக்சைடு விடாம வெளிச்சத்தை மட்டும் ஏத்தினா செடி அப்படியே நிக்கும், பாசிதான் படரும்.

பாசிக்கொடி:
சோடா போட்டு, நடுவில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்துச் செய்தாச்சு. 20-ல் 36, 10-ல் 88. அணைத்ததும் குமிழி சீக்கிரமே நின்றுவிட்டது. ஆனால் 140 இன்னும் வரலையே?

செடி டீச்சர்:
வரணும்னு கட்டாயம் இல்லை. சோடாவும் ஒரு அளவுக்குத்தான் கொடுக்கும், செடியின் நொதிகளுக்கும் ஓர் உச்ச வேகம் உண்டு. தூரத்தைப் பல்பின் கண்ணாடியிலிருந்து அளக்காம அதன் உள்ளே இருக்கும் இழையிலிருந்து அளங்க. கிட்ட வர வர அந்த 2, 3 செ.மீ. பிழை பெரிசாகும். குமிழி அளவும் ஒண்ணுபோல இருக்காது, முடிஞ்சா நுண்குழாயில் வாயுவின் நீளத்தை அளந்துடுங்க.

15 செ.மீ.யில் ஒரு அளவு எடுங்க. நேர்கோடு தொடர்ந்தால் 63 பக்கம் வரணும். 50-தான் வருதுன்னா வளைவு அதுக்கு முன்னாடியே தொடங்கிருச்சு, வரைபடத்தில் அந்த இடத்தைக் குறிச்சுடுங்க.